புனல் தரையைத் தொடவில்லை என்றால் அது டொர்னேடோ இல்லையா?

கேள்வி: 2023 ஏப்ரல் 8

நண்பர் ஒரு வீடியோ அனுப்பினார். கொலராடோ சமவெளியில் ஏதோ ஒரு சாலை. தரையில் மண் சுற்றிக்கொண்டு போகிறது. மேலே மேகத்தின் அடி வழித்துவிட்ட மாதிரி தட்டையாக இருக்கிறது, தும்பிக்கை எதுவும் தொங்கவில்லை. எடுத்தவரோ "டொர்னேடோ, டொர்னேடோ" என்று கத்துகிறார். புனல் இறங்கித் தரையைத் தொட்டால்தானே டொர்னேடோ? இது நம் ஊரில் வெயில் காலத்தில் வரும் சூறைக்காற்று, அவ்வளவுதான் என்கிறேன். மறுக்க முடிந்தவர்கள் மறுக்கலாம்.

ஏப்ரல் 8, இரவு 10.40

மறுக்கிறேன். டொர்னேடோ என்பது காற்று. இடிமேகத்தின் அடியிலிருந்து தரைவரைக்கும் சுழலும் காற்றுத்தூண். காற்றைக் கண்ணால் பார்க்க முடியாது. நாம் பார்க்கிற புனல் அந்தச் சுழலுக்குள் உண்டாகும் நீர்த்துளிகள், அதாவது மேகம். துளி உண்டாகாவிட்டால் புனல் தெரியாது. அதற்காகக் காற்று சுழல்வதை நிறுத்திவிடாது.

கோலி சோடாவை நினைத்துப் பாருங்கள். கோலியை அழுத்தியதும் பாட்டில் கழுத்தில் ஒரு கணம் வெள்ளையாகப் புகை மாதிரி வருமே, அதேதான். அழுத்தம் சட்டென்று குறைகிறது, காற்று விரிகிறது, விரிந்ததால் குளிர்கிறது, அதிலிருந்த ஈரம் துளியாகிறது. மழை நாளில் விமானம் இறங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தால் இறக்கையின் மேல் வெள்ளைத் துணி போர்த்தியது போல வந்து வந்து மறையும். அதுவும் இதே கதை. டொர்னேடோவின் நடுவில் அழுத்தம் குறைவு. ஈரமான நாளாக இருந்தால் புனல் முழுசாகத் தெரியும். வறண்ட நாளாக இருந்தால் மேலே கொஞ்சம் மூக்கு நீட்டும், அல்லது அதுவும் இருக்காது. கீழே மண் மட்டும் சுற்றும்.

உங்கள் வீடியோவில் இருப்பது டொர்னேடோதான் என்று நான் சொல்லவில்லை. புனல் இல்லை என்ற ஒரே காரணத்தால் இல்லை என்று தள்ளாதீர்கள் என்கிறேன்.

ஏப்ரல் 9, காலை

ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். மேகத்தின் அடி எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதற்கு ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. தரையில் காற்றின் வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் (எவ்வளவு குளிர்ந்தால் காற்றின் ஈரம் துளியாகத் தொடங்குமோ அந்த வெப்பநிலை) உள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்கினால் மீட்டரில் உயரம் வரும். ஓக்லஹோமாவில் மே மாதம் 28 டிகிரி வெயில், பனிப்புள்ளி 22 என்றால் மேகம் 750 மீட்டரில். கிழக்கு கொலராடோவில் 30 டிகிரி, பனிப்புள்ளி 10 என்றால் 2,500 மீட்டரில்.

தரையில் இருக்கும் காற்று துளியாக வேண்டுமானால், அந்த உயரத்தில் என்ன அழுத்தமோ அந்த அளவுக்குச் சுழலின் நடுவில் அழுத்தம் இறங்க வேண்டும். ஓக்லஹோமா கணக்குக்குச் சுமார் 85 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு). கொலராடோ கணக்குக்கு இருநூறுக்கு மேல்.

2003 ஜூன் 24 அன்று தெற்கு டகோட்டாவில் மான்செஸ்டர் என்ற குக்கிராமத்தை ஒரு டொர்னேடோ துடைத்துப்போட்டது. அதன் பாதையில் டிம் சமராஸ் என்ற பொறியாளர் ஆமை ஓடு போன்ற கருவியை வைத்துவிட்டு ஓடினார். கருவி பதிவு செய்த அழுத்த வீழ்ச்சி 100 ஹெக்டோபாஸ்கல், அதுவும் ஒரு நிமிடத்துக்குள். அவ்வளவு பெரிய அசுரனே நூறுதான். ஆகவே கொலராடோவில் தரைவரை புனல் வர வாய்ப்பே இல்லை, ஓக்லஹோமாவில்கூட அசுரர்களுக்கு மட்டுமே முழுப் புனல் அமையும்.

ஏப்ரல் 9, மதியம்

சாப்பிடும்போது தோன்றியது. "புனல்" என்றால் பழந்தமிழில் நீர். மதுரையில் ஞானசம்பந்தர் வைகையில் ஏடு விட்டது புனல்வாதம். டொர்னேடோவில் கண்ணுக்குத் தெரிகிற பகுதி வெறும் நீர்த்துளி என்பதால் அதற்குப் புனல் என்று பேர் வைத்தது தற்செயலாகவே பொருந்திவிட்டது. நாம் இங்கே நடத்துவதும் புனல்வாதம்தான். எந்த ஏடு எதிர்நீச்சல் போடுகிறது என்று பார்ப்போம்.

ஏப்ரல் 10

என் ஏடு கொஞ்சம் நனைந்துவிட்டது. ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார்: "அசுரர்களுக்கு மட்டும்தான் முழுப் புனல் என்றால், ஒரு கொட்டகையைக்கூடச் சாய்க்காத நோஞ்சான் டொர்னேடோவெல்லாம் எப்படி அழகான முழுக் கயிறாகத் தொங்குகிறது?"

நியாயமான கேள்வி. சுழலுக்குள் போகும் காற்று எல்லாம் வெயிலில் காய்ந்த சுற்றுப்புறக் காற்று என்று வைத்துக் கணக்குப் போட்டேன். உண்மையில் பக்கத்தில் மழை பெய்துகொண்டிருக்கும். மழையில் நனைந்து குளிர்ந்த காற்றும் உள்ளே இழுக்கப்படுகிறது. அதன் வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு, 2 டிகிரி என்றால் 250 மீட்டரிலேயே மேகமாகிவிடும். அதனால்தான் இடிமேகத்தின் கீழே சுவர் மாதிரி ஒரு துண்டு மேகம் தாழ்ந்து தொங்குகிறது, அதிலிருந்து சின்ன அழுத்த வீழ்ச்சிக்கே புனல் கிடைத்துவிடுகிறது.

ஆக நேற்றைய கணக்கு திசை சரி, முடிவு தப்பு. ஆனால் இந்தத் திருத்தம் என் கட்சிக்குத்தான் பலம். புனலின் நீளத்தை வைத்துக் காற்றின் பலத்தைச் சொல்ல முடியாது. நோஞ்சானுக்கு முழுப் புனல் இருக்கலாம், பலசாலிக்கு அரைப் புனல்கூட இல்லாமல் போகலாம். அன்றைய ஈரம் பாதி தீர்மானிக்கிறது.

ஏப்ரல் 10, இரவு

"இறங்குகிறது" என்ற சொல்லையும் கொஞ்சம் பிடித்து இழுக்கிறேன். புனல் இறங்குவதைப் பார்த்தால் மேலிருந்து ஏதோ கீழே வருகிறது என்றுதான் தோன்றும். புனல் நீளும் நேரத்தில் அதைச் சுற்றியுள்ள காற்று பெரும்பாலும் மேலே ஏறிக்கொண்டிருக்கும். அழுத்தம் குறையக் குறைய, துளி உண்டாகும் மட்டம் தாழ்ந்துகொண்டே வருகிறது, அவ்வளவுதான். 2013 எல் ரீனோ டொர்னேடோவை வேகமாகச் சுழலும் நடமாடும் ரேடாரால் பார்த்து ஜேனா ஹவுஸர் குழு 2018இல் சொன்னது இன்னும் ஒரு படி மேலே: சுழற்சி முதலில் வலுவடைந்தது தரைக்குப் பக்கத்தில். அதாவது கீழே ஆரம்பித்துவிட்டது, மேலே நாம் அண்ணாந்து பார்த்துக் காத்திருக்கிறோம்.

ஏப்ரல் 12

ஊர் ஞாபகம். அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல் காடு. சித்திரையில் பருத்தி எடுத்து முடித்த நிலத்தில் மத்தியானம் சூறை கிளம்பும். பேய்க்காற்று என்போம். உள்ளே நின்றால் பேய் பிடிக்கும் என்று அப்பத்தா சொன்னதாலேயே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடுவோம்.

எங்கள் காட்டுக்கு நடுவில் ஒரு பாறை உண்டு, நெல் காயப் போடுகிற அளவுக்குப் பெரிது. சூறை கரிசலில் கறுப்பாக வரும். பாறை மேல் ஏறியதும் ஆள் காணாமல் போகும். செத்துவிட்டது என்று திரும்புவோம். நாலைந்து மூச்சு கழித்துப் பாறைக்கு அந்தப் பக்கம் காய்ந்த பருத்தி இலையெல்லாம் வட்டமாக எழும்பும். பாறையில் தூக்க மண் இல்லை, அதனால் தெரியவில்லை. சுழி பாட்டுக்கு நடந்து போயிருக்கிறது.

அது டொர்னேடோ இல்லை. தரைச் சூட்டில் கிளம்புவது, மேலே இடிமேகம் கிடையாது. ஆனால் இந்த வாதத்துக்குத் தேவையான பாடம் முழுக்க அந்தப் பாறையில் இருந்தது. எனக்கு அது உறைக்க நாற்பது வயசும் டெக்சஸும் ஆகிவிட்டது.

ஏப்ரல் 13

"நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டவருக்கு: பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்தேன்.

2019 அக்டோபர் 20, ஞாயிறு இரவு. தீபாவளிக்குச் சரியாக ஒரு வாரம். டெக்சஸில், டாலஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் மாடி வீட்டில் குடியிருந்தோம். உள்ளே முறுக்குக்கு எண்ணெய் காய்கிறது. டிவியில் கௌபாய்ஸ் ஆட்டம். ஒன்பது மணி தாண்டி போன் அலறியது. புத்திசாலி ஆண்மகன் என்ன செய்வான்? பால்கனிக்குப் போய்ப் பார்ப்பான். போனேன்.

மழை, இருட்டு, மின்னல். வேறு ஒன்றும் தெரியவில்லை. தெற்கே தரையோடு தரையாக நீலப்பச்சையாய் வெளிச்சம் வெட்டி வெட்டி அணைந்தது. மின்னல் என்றே நினைத்தேன். ஏதோ பொருந்தவில்லை, மின்னல் வானத்தை முழுசாக வெளுக்கும், இது கீழேயே இருந்து கீழேயே அணைந்தது. "என்னங்க, உள்ள வாங்க! புள்ளைய தூக்குங்க!" என்று சத்தம் வந்த பிறகுதான் நகர்ந்தேன். குளியல் தொட்டிக்குள் மூன்று பேர், மேலே மெத்தை. அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகம் எனக்கு. அணைத்துவிட்டுத்தான் வந்தேன் என்றாள்.

அந்த நீலப்பச்சை வெளிச்சம், மின்கம்பிகளும் டிரான்ஸ்பார்மர்களும் அறுந்து வெடித்தது. வடக்கு டாலஸில் தொடங்கி ரிச்சர்ட்சன் வரைக்கும் சுமார் 25 கி.மீ. வந்த இ.எஃப்-3 டொர்னேடோ (இ.எஃப் என்பது சேதத்தை வைத்து 0 முதல் 5 வரை போடும் தரம்). எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்தான் இருக்கும். கடைகள், பள்ளிகள், பெரிய பெரிய வீடுகள் எல்லாம் போயின. அதில் யாரும் சாகவில்லை என்பதை இன்றைக்கும் நம்ப முடியவில்லை. அதே வட்டாரத்தில் 2015 டிசம்பர் 26 மாலை இருட்டியபின் கார்லண்டில் வந்த இ.எஃப்-4 பத்துப் பேரைக் கொன்றது, பெரும்பாலும் நெடுஞ்சாலையில் வண்டியில் போனவர்கள். எதிரே இருப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

புனல் தெரிந்தால்தான் டொர்னேடோ என்ற விதிப்படி அன்றிரவு நான் பார்த்தது டொர்னேடோ இல்லை.

ஏப்ரல் 13, பின்குறிப்பு

இருட்டில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்றால், ரேடார். முதலில் காற்று அருகருகே எதிரெதிர்த் திசையில் ஓடுவது தெரியும். அப்புறம் இன்னொன்று: மழைத்துளிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சாடை. கூரை ஓடு, பலகை, மரக்கிளை அப்படி இல்லை, தாறுமாறு. 2011க்கும் 2013க்கும் இடையில் அமெரிக்க ரேடார்களைக் கிடைமட்டம், செங்குத்து இரண்டிலும் அலை அனுப்பும்படி மாற்றினார்கள். அதிலிருந்து அந்தத் தாறுமாறு ஒரு புள்ளியாகத் திரையில் தெரிகிறது. மழைக்கு நடுவில் வீட்டுச் சாமான் பறக்கிறது என்று அர்த்தம். அந்தப் புள்ளி வந்துவிட்டால் புனலைப் பற்றி யாரும் வாதாடுவதில்லை.

ஏப்ரல் 15

வரலாறு கேட்டிருந்தார்கள். 1925 மார்ச் 18. மிசோரி, இல்லினாய், இண்டியானா மூன்று மாநிலங்களைக் கடந்த டொர்னேடோ. 352 கி.மீ. பாதை, மூன்றரை மணி நேரம், 695 சாவு. அமெரிக்காவில் இன்றுவரை அதை மிஞ்சிய ஒரு டொர்னேடோ இல்லை. இல்லினாயில் மர்ஃபிஸ்பரோ ஊரில் மட்டும் 234 பேர்.

அதைப் பார்த்தவர்கள் பலரும் புனல் எதையும் பார்க்கவில்லை. தரையில் உருண்டு வரும் மூடுபனி, கொதிக்கும் கருமேகம் என்றார்கள். வானத்தைப் பார்த்தே பிழைத்த விவசாயிகள் அவர்கள், தும்பிக்கை தெரிந்திருந்தால் நிலவறைக்கு ஓடியிருப்பார்கள். சராசரியாக மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் மேகம் தரையோடு வந்தால் அதற்கு என்ன பேர் வைப்பது என்று யோசிப்பதற்குள் முடிந்துவிட்டது. வானிலைத் துறையும் அந்தக் காலத்தில் முன்னறிவிப்பில் டொர்னேடோ என்ற சொல்லையே பயன்படுத்தாது, ஜனங்கள் பீதியடைவார்கள் என்று. பேரைச் சொல்லாமலும் உருவத்தைக் காட்டாமலும் வந்தது.

2011 மே 22 ஜாப்ளின் இன்னொன்று. மழைத்திரைக்குள் ஒளிந்து வந்த இ.எஃப்-5. 150 பேருக்கு மேல் செத்தார்கள். தொலைக்காட்சியும் ரேடாரும் சைரனும் இருந்த காலத்தில்.

ஏப்ரல் 16

எல் ரீனோவைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். சமராஸ் பேரை நானே இழுத்துவிட்டதால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2013 மே 31. ஓக்லஹோமா. அகலம் 4.2 கி.மீ., பதிவானவற்றில் இதுதான் அதிகம். அந்த அகலத்துக்கு ஒற்றைப் புனல் என்று எதுவும் இல்லை. மழையும் தூசியும் கலந்த இருட்டு, அதற்குள் சின்னச் சின்னச் சுழல்கள் தோன்றி, நடுவைச் சுற்றி ஓடி, மறைந்தன. ரேடார் அளந்த காற்று மணிக்கு 480 கி.மீ.க்கு மேல். துரத்திப் போனவர்கள் பலர் டொர்னேடோ இன்னும் தூரத்தில் இருக்கிறது என்று நினைத்த நேரத்தில் அதன் ஓரத்துக்குள் வந்துவிட்டிருந்தார்கள். அதுவும் திடீரென்று திசை மாறி வேகமெடுத்தது. டிம் சமராஸ், மகன் பால், கூட்டாளி கார்ல் யங் மூவரும் ஒரு சிறு காரில் போய்க்கொண்டிருந்தபோது உள்சுழல் ஒன்றில் சிக்கி இறந்தார்கள்.

மான்செஸ்டரில் நூறு ஹெக்டோபாஸ்கலை அளந்த மனிதர் அவர். வேகமாய் வந்து கருவியை வைத்துவிட்டுப் பத்திரமாய் விலகத் தெரிந்தவர். இதற்கு மேல் இதில் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 18

சரி, மறுபக்கமும் சொல்ல வேண்டும். "அப்படியானால் மேகத்துக்குக் கீழே சுற்றுகிற மண் எல்லாம் டொர்னேடோவா?" இல்லை. இடிமழையிலிருந்து குளிர்காற்று தரையில் பரவி ஓடும்போது அதன் முன் விளிம்பில் மண் சுருண்டு எழும். பார்க்க அச்சு அசல் டொர்னேடோ. மேலே மேகத்தோடு அதற்குத் தொடர்பு கிடையாது. இங்கே அதைக் கஸ்ட்னேடோ என்கிறார்கள்.

இன்னொரு வகை, மேகத்தோடு தொடர்புள்ளது, ஆனால் பெரிய சுழல்மேகம் தேவையில்லாதது. தரையில் ஏற்கெனவே இரண்டு காற்று உரசும் இடத்தில் லேசான சுழி இருக்கும், மேலே வளரும் மேகம் அதை இழுத்து நீட்டும், மெலிய மெலிய வேகம் கூடும். 1985இல் ஹாவர்ட் புளூஸ்டீன் இதற்கு லேண்ட்ஸ்பவுட் என்று பேர் வைத்தார், கடலில் வரும் வாட்டர்ஸ்பவுட்டின் தரைச் சகோதரன் என்பதால். டென்வருக்குக் கிழக்கே இது சாதாரணம். மேகம் உயரத்தில், காற்று வறட்சி, ஆக நடுவில் வெறுமை, கீழே மண் குழாய். முறைப்படி இதுவும் டொர்னேடோதான். உங்கள் வீடியோ பெரும்பாலும் இந்த இனம் என்பது என் ஊகம். மண்ணுக்கு நேர் மேலே மேகத்தின் அடியில் ஏதாவது புடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இதை எழுதும்போதுதான் ஒன்று உதைக்கிறது. 2017 ஜூலையில் டென்வர் போகும் வழியில், லைமன் தாண்டி, வயலில் மண் சுற்றுவதைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டிப் படம் எடுத்தேன். "நம்ம ஊர் பேய்க்காத்து இங்கயும் வந்துருச்சு" என்று ஊருக்கு அனுப்பினேன். ரொம்ப நாள் போனில் முகப்புப் படமாகவே இருந்தது. மேலே கருமேகம் இருந்தது. ஐயோ.

ஏப்ரல் 18, இரவு

படத்தைப் பார்த்தேன். மேகமே இல்லை. முகப்புக்குப் பொருந்த வேண்டும் என்று மேல் பாதியை நானே வெட்டியிருக்கிறேன்.

ஏப்ரல் 19

அன்று லைமன் பக்கம் கார்க் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த காற்று வெதுவெதுப்பாக இருந்தது என்பது என் ஞாபகம். அப்படியானால் மேகம் உறிஞ்சும் காற்று, லேண்ட்ஸ்பவுட் பக்கம் வாதம் சாய்கிறது. மனைவியிடம் கேட்டேன். "ஜில்லுனு இருந்துச்சு, புள்ளைக்கு ஸ்வெட்டர் தேடினேனே" என்கிறாள். அப்படியானால் மழைக் குளிர்காற்று, கஸ்ட்னேடோ. ஆறு வருஷம் கழித்து இருவரின் தோலும் தனித்தனிச் சாட்சி சொல்கிறது.

ஏப்ரல் 23

பழைய போனுக்கு உயிர் கொடுத்தேன். சார்ஜர் தேடவே இரண்டு நாள். வெட்டாத படம் உள்ளே இருந்தது.

மண் தூண் இடப்பக்கம். அதற்கு மேலே நெடுந்தூரம் வெறும் வானம், அந்தப்பக்க மழைகூடத் தெளிவாகத் தெரிகிறது. தூணுக்கு நேர் மேலே, மேகத்தின் தட்டை அடியில், பசுவின் மடிக்காம்பு அளவுக்கு ஒரு சின்ன முனை. பெரிதாக்கிப் பார்த்தேன், லென்ஸில் அழுக்கோ என்று துடைத்தும் பார்த்தேன், அது படத்தில் இருக்கிறது. படம் எடுத்த தூரம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவாக இருக்கும். மகள் பின்சீட்டில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

வலப்பக்க ஓரத்தில் எங்கள் கார்க் கண்ணாடி, பாதி ஏறிய நிலையில், அதன்மேல் மனைவியின் கை. குளிருக்கு ஏற்றினாளா, மண்ணுக்கு ஏற்றினாளா என்று கேட்டேன். "உங்களைத்தான் உள்ள வரச் சொல்லிக் கூப்பிட்டுட்டு இருந்தேன்" என்றாள்.